கோழி இரத்தத்தில் உள்ள ஹிஸ்டோன் ஆட்டு இரத்தத்தில் ஏன் இல்லை?

கேள்வி, பெப்ரவரி 3, கல்முனையிலிருந்து

சேர், டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களைப் பற்றி, "ஹிஸ்டோன்கள் எல்லா உயிரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், பட்டாணிக்கும் மாட்டுக்கும் இரண்டே அமினோ அமிலம்தான் வித்தியாசம்" என்று எங்கள் குறிப்பில் இருக்கிறது. அதை வைத்து, இனங்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பார்க்க ஹிஸ்டோன் உதவாது என்று விடை எழுதினேன். புள்ளியும் கிடைத்தது. ஆனால் போன கிழமை நீங்கள் கோழி இரத்தத்தில் ஒரு ஹிஸ்டோன் இருக்கிறது, அது ஆட்டில் கிடையாது என்று சொன்னீர்கள். இரண்டும் எப்படிச் சரியாகும்?

பெப்ரவரி 3, இரவு 9.40

மகள், பட்டாணிக் கணக்கு சரி. ஆனால் அது எச்4 என்ற ஒரே ஒரு ஹிஸ்டோனின் கணக்கு. 1969இல் வெளிவந்த ஒப்பீடு அது. 102 அமினோ அமிலங்களில் இரண்டு இடம் மட்டும் மாறியிருந்தது. மாட்டில் வலின் இருந்த இடத்தில் பட்டாணியில் ஐசோலூசின், லைசின் இருந்த இடத்தில் ஆர்ஜினின். குணத்தில் நெருங்கிய சோடிகள்தான் அவையும். அந்த ஒரு கணக்கை ஐந்து ஹிஸ்டோனுக்கும் பொதுவாக்கியதுதான் பிழை.

எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 இந்த நான்கும் இரண்டிரண்டாகச் சேர்ந்து எட்டுப் புரதத்தாலான ஒரு கட்டை ஆகின்றன. அதைச் சுற்றி 147 கார இணை (டிஎன்ஏ ஏணியின் ஒரு படி ஓர் இணை) நீளத்துக்கு டிஎன்ஏ ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகப் போகிறது. அதுதான் நியூக்கிளியோசோம். மருதமுனை நெசவுச் சாலைகளில் சிறு கட்டையில் நூல் சுற்றி வைத்திருப்பதைப் பார்த்திருப்பாய். நூல் உள்ளே போகும் இடத்தையும் வெளியே வரும் இடத்தையும் ஒரு விரலால் சேர்த்துப் பிடித்தால் சுற்று அவிழாது. அந்த விரல்தான் எச்1. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் ஓடும் டிஎன்ஏயோடும் ஒட்டுவதால் இணைப்பு ஹிஸ்டோன் என்கிறோம்.

கட்டை மாறவில்லை. விரல் இனத்துக்கு இனம் மாறியது. எச்1 இல்லாமல் கரு என்ற ஒன்றே நிற்காது, ஆனாலும் ஹிஸ்டோன்களில் அதிகம் வேறுபடுவது அதுதான். கோழிக் கதையை நாளைக்கு எழுதுகிறேன்.

பெப்ரவரி 4, காலை

ஹிஸ்டோன் என்ற பொருளே ஒரு பறவையின் இரத்தத்தில்தான் முதலில் கிடைத்தது. 1884இல் அல்பிரெக்ட் கோசல் என்ற ஜெர்மன் விஞ்ஞானி வாத்தின் சிவப்பு இரத்தக் கலங்களின், அதாவது செங்குழியங்களின், கருக்களை அமிலத்தில் ஊறவைத்துப் பிரித்தார். தாரா அல்ல, பெரிய வாத்து. பறவைச் செங்குழியத்தில் டிஎன்ஏ இருக்கும் கரு உண்டு. ஆட்டிலும் மாட்டிலும் நம்மிலும் செங்குழியம் முதிரும்போது கருவை வெளியே தள்ளிவிடும். அதனால் ஆட்டு இரத்தத்தில் ஒரு வாளி எடுத்தாலும் வெள்ளைக் கலங்களில் உள்ள கொஞ்சத்தைத் தவிர ஹிஸ்டோன் கிடைக்காது. மாட்டு ஹிஸ்டோன் வேண்டியவர்கள் கன்றின் தைமஸ் சுரப்பியிடம்தான் போனார்கள்.

நான் இதைச் செய்து பார்த்தது படிக்கிற காலத்தில். விடியற்காலை ஐந்தரைக்குக் கோழிக்கடை வாசலில் ரெஜிபோம் பெட்டியோடு நிற்பேன். ஐஸ் மீன்வாடியில் வாங்கியது. கடைக்காரர் கழுத்தை அறுத்ததும் முதல் பீச்சலை விட்டுவிட்டு, பிறகு வருவதைச் சோடியம் சிற்றேற்று ஊற்றி வைத்த போத்தலில் பிடித்துத் தருவார். போத்தலை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். குலுக்கினால் கலங்கள் உடையும்.

முதல் தடவை கழுவும் கரைசலில் உப்பைப் பிழையாகப் போட்டுவிட்டேன். கருக்கள் வெடித்து டிஎன்ஏ முழுவதும் வெளியே வந்து, குழாய்க்குள் இளநீர் வழுக்கை மாதிரி ஒரே கட்டியாக நின்றது. கண்ணாடிக் குச்சியை விட்டுத் தூக்கினால் நூலாகக் கூடவே வந்தது. மையநீக்கியில் எவ்வளவு சுற்றினாலும் அடியில் படியவில்லை. அன்றைக்குக் கவலைதான். ஆனால் ஒரு சொட்டு இரத்தத்தில் எவ்வளவு நீள நூல் மடிந்து கிடக்கிறது என்பதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

சரியாக வந்த நாளில் கருக்களைப் பிரித்து, ஐஸில் வைத்து 5% பெர்குளோரிக் அமிலம் ஊற்றினேன். நான்கு கட்டை ஹிஸ்டோன்களும் டிஎன்ஏயோடு கீழே நிற்க, எச்1 குடும்பம் மட்டும் கரைந்து மேலே வரும். வடித்து, முக்குளோரோ அசற்றிக் அமிலத்தால் வீழ்ப்படிவாக்கி, அசற்றோனில் கழுவிக் காயவைத்தால் குழாயின் பக்கத்தில் அரிசிமா தடவியது போல ஒரு வெண்படலம். அதைப் புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டியபோது இரண்டு கூட்டம் பட்டைகள். மேலே எச்1, அதற்குச் சற்றுக் கீழே நல்ல தடிப்பாக எச்5. பாலூட்டியில் எங்கே தேடினாலும் இந்த எச்5 இல்லை. பட்டைகள் 30 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கம் நின்றன. எச்5இன் அளவு அதுதான்.

பெப்ரவரி 4, மாலை

அக்கரைப்பற்று மிருக வைத்தியர் ஒருவர் திருத்தியிருக்கிறார். டொக்டர், நீங்கள் சொன்னது சரி. எச்5க்கு 189 அமினோ அமிலங்கள்தான், எடை ஏறக்குறைய 21 கிலோடால்டன். லைசினும் ஆர்ஜினினும் நிறைந்த நேரேற்றப் புரதம் என்பதால் ஜெல்லில் மந்தமாக ஊர்ந்து தன்னைப் பெரிதாகக் காட்டுகிறது. எச்1உம் அப்படித்தான். அமினோ அமில எண்ணிக்கையை நம்புங்கள், காலையில் நான் எழுதிய 30ஐ விடுங்கள்.

பெப்ரவரி 6

மகள் திரும்பக் கேட்கிறாள்: ஆட்டில் எச்5 இல்லை என்பது செங்குழியத்துக்குக் கரு இல்லாததால் மட்டுந்தானா?

நல்ல கேள்வி. இல்லை. ஆட்டின் ஈரலில், மூளையில், கரு உள்ள எந்தக் கலத்திலும் எச்5 கிடையாது. ஆனால் அதற்கு நெருங்கிய உறவு ஒன்று பாலூட்டிகளில் உண்டு, எச்1.0 என்று பெயர். பிரிவதை நிறுத்தித் தன் வேலையில் நிலைத்துவிட்ட கலங்களில் அது கூடும். கோழியின் செங்குழியம் அந்த வழியில் இன்னும் தூரம் போகிறது. முதிர முதிர எச்5 சேர்ந்துகொண்டே வரும், பரம்பரையலகுகள் ஒவ்வொன்றாக ஓயும், கரு சுருங்கி இறுகும்.

மனிதனுக்கு எச்1 வகைகள் 11. ஏழு உடற்கலங்களில், மூன்று விதையில், ஒன்று முட்டைக்கலத்தில். கோழிக்கு ஆறு எச்1, கூட எச்5. ஆய்வுகூடங்களில் வளர்க்கும் அரபிடொப்சிஸ் செடிக்கு மூன்று. பழ ஈயின் உடலுக்கு ஒரே வகை, அதன் இளம் முளையத்துக்கும் இனப்பெருக்கக் கலங்களுக்கும் மட்டும் பிக்எச்1 என்று பெரிய ஒன்று. அப்பம் புளிக்க வைக்கிற மதுவத்துக்கு ஒன்றே ஒன்று, அதுவும் வினோதமாக இரண்டு தலை உள்ளது.

அதென்ன தலை? எச்1ஐ மூன்று துண்டாகப் பார். முன்னால் சின்ன வால், நடுவில் 70, 80 அமினோ அமிலம் அளவில் மடிந்த உருண்டை, பின்னால் 100 அளவில் நீண்ட வால். உருண்டைதான் தலை. மற்றவற்றுக்கு ஒன்று, மதுவத்துக்கு இரண்டு. கோழி எச்5இன் இந்த உருண்டையைத்தான் 1993இல் படிக முறையில் முதன்முதலாக முழு உருவத்தோடு பார்த்தார்கள். அந்த வேலையை நடத்தியவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பிறகு கலத்தில் புரதம் செய்யும் ரைபோசோமுக்காக 2009இல் நோபல் பெற்றவர். எங்கள் பிள்ளைகள் பலருக்கு ரைபோசோம் கதை தெரியும், கோழிக் கதை தெரியாது. பரிசு கிடைத்த வேலையை மட்டும் சொல்லிக் கொடுப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அந்த உருண்டை இனங்களுக்கு இடையில் ஓரளவு நிலையாக இருக்கிறது. வால் கண்டபடி மாறுகிறது. அதனால் வால் அவ்வளவு முக்கியமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெப்ரவரி 6, நள்ளிரவு தாண்டி

படுத்தும் நித்திரை வரவில்லை. மேலே கடைசி வரி பிழை. வாலின் எழுத்து வரிசை மாறுகிறது, சேர்மானம் மாறுவதில்லை. எந்த விலங்கின் எச்1 வாலை எடுத்தாலும் லைசின், அலனின், புரோலின்தான் நிறைந்திருக்கும். எங்கே எது என்பதில்தான் வேறுபாடு. புளியாணத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு வரிசையில் சாமான் போடுவார்கள், காத்தான்குடியில் வேறு வரிசை, ஆனாலும் புளியும் மிளகும் இல்லாமல் புளியாணம் இல்லை. டிஎன்ஏ மறையேற்றம், வால் நேரேற்றம். அந்த ஏற்றம் போதிய அளவு இருக்க வேண்டும், அதைத்தான் கூர்ப்பு காப்பாற்றி வைத்திருக்கிறது.

2018இல் ஒரு சோதனை வந்தது. எச்1ஐயும், மிகுந்த மறையேற்றம் உள்ள புரோதைமோசின் ஆல்பா என்ற புரதத்தையும் சேர்த்தார்கள். இரண்டும் விடாமல் இறுகப் பிடித்துக்கொண்டன. ஆனால் பிடித்த பிறகும் மடிந்து நிலையான ஓர் உருவத்துக்கு வரவில்லை, குழைந்த கயிறுகளாகவே இருந்தன. உருவம் இல்லாமலே பிடிப்பு. வாலை அலட்சியமாகப் பேசியதைத் திரும்பப் பெற இந்த ஒன்றே போதும்.

பெப்ரவரி 9

முதல் நாள் எழுதிய "எச்1 இல்லாமல் கரு என்ற ஒன்றே நிற்காது" என்ற வரியையும் எடுக்க வேண்டும். அதை யாரும் விடைத்தாளில் எழுதிவிடக் கூடாது.

மதுவத்தில் அந்த ஒரேயொரு எச்1ஐ நீக்கினார்கள், அது பாட்டுக்கு வளர்ந்தது. குளத்து நீரில் நீந்தும் தெட்ராஹைமினா என்ற ஒற்றைக்கல உயிரின் பெரிய கருவில் உள்ள எச்1க்கு உருண்டையே கிடையாது, வெறும் வால் போன்றது. அதையும் 1995இல் நீக்கிப் பார்த்தார்கள். உயிர் போகவில்லை, கரு மட்டும் பருத்தது. அஸ்கோபோலஸ் என்ற பூஞ்சையில் நீக்கியபோது அது வளர்ந்தது, ஆனால் ஆயுள் குறைந்தது.

எலியில் கதை வேறு. ஒரு வகையை எடுத்தால் மற்ற வகைகள் கூடிக்கொடுத்துச் சமாளிக்கும். மூன்று வகைகளை ஒன்றாக எடுத்தபோது மொத்த எச்1 பாதியளவாகக் குறைந்தது, முளையம் தாய் வயிற்றில் நடுப்பருவத்திலேயே இறந்தது. ஆக, ஒற்றைக்கல உயிருக்கு எச்1 இல்லாமலும் காலம் தள்ளலாம். எலியைப் போல நூறு வகைக் கலம் செய்து உடலொன்றைக் கட்ட வேண்டிய விலங்குக்கு முடியாது.

பாடப்புத்தகத்தில் எச்1 ஒரு பூட்டு மாதிரி வரைந்திருக்கும். உயிருள்ள கலத்தில் எச்1உடன் ஒளிரும் புரதம் ஒன்றை ஒட்டிப் பார்த்தபோது ஓர் எச்1 ஓரிடத்தில் சில நிமிடங்கள்தான் நிற்கிறது, பிறகு விட்டு வேறிடம் போகிறது. பூட்டு என்று நானும் பல வருடம் கற்பித்தேன். என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் பார்த்தால் அந்தப் படத்தை அடித்துவிடுங்கள்.

பெப்ரவரி 11

கல்லடியில் என்னோடு படித்தவன் கேட்கிறான், "மச்சான், கோழிக்கும் ஈக்கும் எத்தனை என்று எண்ணி யாருக்கு என்ன?"

மச்சான், 2017இல் எச்1.4 பரம்பரையலகில் மாற்றம் உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்தார்கள். உடல் வயதுக்கு மீறி வளரும், அறிவு வளர்ச்சி பின்தங்கும். அந்த மாற்றங்கள் எல்லாம் வாலில். எழுத்துகளை வாசிக்கும் சட்டகம் தள்ளிப்போய், வாலின் நேரேற்றம் குறைந்துவிடுகிறது. கட்டை சரி, உருண்டை சரி, வாலின் ஏற்றம் குறைந்தது, பிள்ளையின் வாழ்க்கை மாறிவிட்டது. ஆறாம் திகதி நள்ளிரவில் நான் திருத்திய வரியின் விலை அது. சில நிணநீர்ப் புற்றுநோய்களிலும் எச்1 மாற்றங்கள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று கோழியும் ஈயும் மதுவமும் கோடி வருடங்களாகச் செய்து பார்த்த கணக்குத்தான் நமக்கு முன்னால் கிடக்கிறது.

பெப்ரவரி 14

சம்மாந்துறைப் பக்கம் வேளாண்மை வெட்டு. வட்டையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, மச்சினன் வரம்பில் நின்று, மழை பிந்தியதால் கதிரில் பதர் கூட என்றார். எனக்குத் தக்காளி ஞாபகம் வந்தது. தக்காளியில் தண்ணீர் குறையும்போது மட்டும் கூடும் ஓர் எச்1 வகை உண்டு. அரபிடொப்சிஸின் மூன்று எச்1களில் எச்1.3 அப்படிப்பட்டது, வரட்சியிலும் வெளிச்சம் குறைந்தாலும் ஏறும். செடி ஓடிப்போய் நிழல் தேட முடியாது. நின்ற இடத்தில் நின்றபடி டிஎன்ஏயை மடிக்கும் கையை மாற்றிக்கொள்கிறது. விலங்கில் வயதுக்கும் கலத்துக்கும் ஏற்ப எச்1 மாறுவதைப் பற்றியே பேசினோம், காலநிலைக்கு ஏற்ப மாறுவது எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம். மச்சினனிடம் சொன்னேன். "அப்ப நெல்லுக்கும் அது இருக்கா?" என்றார். நெல்லிலும் எச்1 இருக்கிறது.

பெப்ரவரி 15

நேற்று திரும்பி வரும்போது வாவிக் கரையில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதையும் எழுதிவிடுகிறேன், இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

விந்துக்கலத்தில் டிஎன்ஏயை இன்னும் இறுக்கமாகத் திணிக்க வேண்டும். கடல் முள்ளெலியின் விந்து, நீண்ட வால் உள்ள தனி எச்1 ஒன்றை வைத்துச் சமாளிக்கிறது. அங்கே ஒரு நியூக்கிளியோசோமிலிருந்து அடுத்தது வரைக்கும் ஏறக்குறைய 240 கார இணை. கோழிச் செங்குழியத்தில் 212 அளவு, எலியின் ஈரலில் 200க்குக் கிட்ட, மதுவத்தில் 165தான். எச்1 கூடுகிற இடத்தில் இடைவெளியும் கூடுகிறது.

நம்முடைய விந்தோ ஹிஸ்டோன்களில் பெரும்பகுதியைக் கழற்றிவிட்டு புரொட்டமின் என்ற வேறு புரதத்தைப் போட்டுக்கொள்ளும். சல்மன் மீனின் விந்தில் மீஷர் என்ற விஞ்ஞானி 1874இல் கண்ட அதே குடும்பம். இந்தப் புரொட்டமின் எங்கிருந்து வந்தது? சிப்பி, மட்டி இனங்களின் விந்தில் இரண்டுக்கும் நடுவான புரதங்கள் இருக்கின்றன. சிலவற்றில் எச்5இன் உருண்டை போன்ற ஒன்று அப்படியே உள்ளே இருக்கிறது. எச்1தான் படிப்படியாகப் புரொட்டமினாகியது என்பதற்கு அது சாட்சி.

ஆனால் எச்1இல் லைசின் அதிகம், புரொட்டமினில் ஆர்ஜினின் அதிகம். டிஎன்ஏயில் மும்மூன்று எழுத்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். லைசினுக்கு ஏஏஜி. ஏஏஜி ஏஏஜி ஏஏஜி என்று வரிசையாக எழுது. இப்போது முதல் எழுத்தை விட்டுவிட்டு மும்மூன்றாக வாசி. ஏஜிஏ, ஏஜிஏ. அது ஆர்ஜினின்! ஓர் எழுத்துத் தள்ளி வாசித்தால் லைசின் வால் ஆர்ஜினின் வால் ஆகிவிடும். கடற்பீச்சி என்ற கடல் விலங்கின் விந்துப் புரதத்தில் இப்படித்தான் நடந்திருக்கிறது என்று 2004இல் காட்டினார்கள். 11ஆம் திகதி எழுதிய பிள்ளைகளின் மாற்றத்தோடு ஒப்பிட்டுப் பார் மகள். அதுவும் சட்டகம் தள்ளியதுதான். அங்கே ஏற்றம் குறைந்தது, இங்கே ஏற்றம் நின்றது.

பெப்ரவரி 15, பின்னேரம்

வாவிச் சேற்றைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. சேற்றைக் காலால் மிதித்தால் குமிழ் வருமே, அந்த மீதேன் வாயுவை உண்டாக்குகிறவை ஆர்க்கியா, பக்றீரியா போலத் தெரிந்தாலும் வேறான நுண்ணுயிர்கள். அவற்றில் பலவற்றுக்குக் கட்டை ஹிஸ்டோன் போன்ற புரதம் உண்டு. எச்1 இல்லை. எச்1இன் லைசின் வாலைப் போன்ற புரதங்களோ சில பக்றீரியாக்களில் கிடைக்கின்றன. கட்டையின் வேர் ஒரு பக்கம், வாலின் வேர் இன்னொரு பக்கம். ஐந்து ஹிஸ்டோனையும் ஒரே குடும்பமாகப் படிக்கிறோம், அது பெயரால் வந்த உறவு.

பெப்ரவரி 20

மகள் படம் அனுப்பியிருக்கிறாள். ஆய்வுகூடத்தில் பெர்குளோரிக் அமிலத்துக்கு அனுமதி இல்லை. அது நல்லதுதான், பிள்ளைகள் கையில் கொடுக்கிற சாமான் இல்லை அது. அதனால் வழுக்கியில் ஒரு சொட்டுக் கோழி இரத்தம், பக்கத்து வழுக்கியில் ஆட்டு இரத்தம், இரண்டுக்கும் லீஷ்மன் சாயம்.

ஆட்டு வழுக்கியில் சின்னச் சின்ன வட்டங்கள், நடு வெறுமை. கோழி வழுக்கியில் பூசணி விதை போல நீள்வட்டக் கலங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் நாவற்பழ நிறத்தில் ஒரு கரு. "சேர், சில கரு வெளிறி உருண்டையாக இருக்கு, சில கரு கறுத்து ஒடுங்கி இருக்கு, சாயம் பிழைத்துப்போச்சா?" என்று கேட்டிருக்கிறாள்.

பிழைக்கவில்லை மகள். வெளிறியது இளசு, கறுத்தது முற்றியது. எச்5 ஏறி இறுகிய கரு அப்படித்தான் தெரியும். பத்து நியூக்கிளியோசோமுக்கு எட்டு எச்1 என்பது சாதாரணக் கலத்தின் கணக்கு. முற்றிய கோழிச் செங்குழியத்தில் எச்5ஐயும் சேர்த்தால் பதின்மூன்று. வழுக்கியில் நூறு கலம் எண்ணி, வெளிறியது எத்தனை, கறுத்தது எத்தனை என்று எழுதி அனுப்பு. குஞ்சின் இரத்தம் கிடைத்தால் அதிலும் நூறு எண்ணு. ஒரு சொட்டுப் போதும், சிறகடி இரத்த நாளத்தில் எடுக்கலாம். எடுப்பதை மட்டும் அக்கரைப்பற்று டொக்டரிடம் விடு, அவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.